காத்தாபீஸ்

விடியற்காலையில் வானம் வாரி வழங்கும். சாயங்காலமானால் கையை விரித்துவிடும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வடிவு இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், இன்னும் மனசு ஆறவில்லை. பூமி ஓடுகிற ஓட்டத்தில் விடியல் பக்கம்தான் அதற்கு முகம். வண்டியில் வேகமாகப் போகிறவனுக்குப் பூச்சியெல்லாம் முகத்தில்தான் வந்து அடிக்கும், முதுகில் அடிக்காது. அதே கதைதான். விண்ணில் திரிகிற தூசியெல்லாம் காலையில் வந்து மோதி எரியும், சாயங்காலம் அத்தி பூத்தாற்போல் ஒன்றிரண்டு வரும்.

மணல் பொடி அளவுதான் அந்தத் தூசி. ஆனால் எரிந்து போகும்போது பின்னால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகும். அந்தக் கோடு மறைவதற்குள் அங்கே அடிக்கிற காற்று அதைக் கொஞ்சம் தள்ளும். தேரிக்காட்டுச் செம்மணலில் துணி காயப்போடுகிற கம்பி போல நட்டு வைத்திருக்கும் ஆன்டெனாக்கள் வானத்தை ரேடியோ அலையால் தட்டி, திரும்பி வருகிற எதிரொலியை வைத்து, கோடு எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்று சொல்லிவிடும். தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்துக் காற்றை அளக்க இதைவிட எளிய வழி இல்லை. பலூன் அத்தனை உயரம் ஏறாது, செயற்கைக்கோள் அத்தனை தாழ இறங்காது.

வடிவு சேர்ந்த புதிதில் இந்தக் காற்றைப் பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை. அவள் எழுதிய கட்டுரைகளை உலகம் முழுக்கப் பத்துப் பேர் படித்திருந்தால் அதிகம், அதில் பாதிப் பேர் குறை சொல்வதற்காகப் படித்தவர்கள். பிறகுதான் சுற்றுப்பாதையில் வேலை வந்தது. மேலே பெரிய பெரிய தகடுகளை முடுக்கவும் ஒட்டவும் ஆள் வேண்டும் என்றார்கள். ஒரு காலத்தில் வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய அதே ஊர்கள் இப்போது மேலே அனுப்பின. "எங்க மாப்ள மேல இருக்காரு" என்று பெண்கள் சாதாரணமாகச் சொன்னார்கள். கேட்பவர்கள் மாடியைப் பார்ப்பதில்லை.

போவது ராக்கெட்டில். திரும்பி வருவதில்தான் வித்தியாசம். பெரிய ஆட்கள் கனமான கலத்தில் வருவார்கள், அதைக் காற்று ஒன்றும் செய்யாது. கூலியாட்கள் குடையில் வருவார்கள். ஆறு பேர் உட்காரும் கூடு, அதைச் சுற்றி விரிகிற ஒரு மெல்லிய பெரிய குடை, அவ்வளவுதான். தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் விரிந்து, இலை விழுவது போல மிதந்து வந்து மன்னார் வளைகுடாவில் இறங்க வேண்டும். மேல் காற்று தப்பான பக்கம் தள்ளினால் கடலுக்குப் பதில் கரை. பனங்காட்டிலோ காற்றாலை இறக்கைகளுக்கு நடுவிலோ போய் விழும். அதனால் குடை கிளம்புவதற்கு முன்னால் வடிவின் நிலையம் 'சரி' சொல்ல வேண்டும். நிலையத்துக்கு ஒரு நீளமான அரசாங்கப் பெயர் உண்டு. குடைக்காரக் குடும்பங்கள் அதைக் காத்தாபீஸ் என்றார்கள். ஆட்டோக்காரர்களிடம் அந்தப் பெயர்தான் செல்லும்.

தூசி மழையாய்க் கொட்டி, காற்று தெளிவாகத் தெரிகிற காலை நேரத்தையெல்லாம் சரக்குக்காரர்களும் சுற்றுலாக்காரர்களும் முன்பதிவு செய்துவிட்டார்கள். கனமான கலத்தில் வருகிறவனுக்குக் காற்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் காலை அவனுக்கு. காற்றையே நம்பி வருகிற குடைக்கு, ஒன்றும் தெரியாத சாயங்காலம். வடிவு இதை எழுதி அனுப்பிப் பார்த்தாள். பரிசீலிக்கிறோம் என்றார்கள். இன்னமும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவ வெளியே வந்தபோது, கேட்டுக்குப் பக்கத்தில் முந்திரி காய்க்கிற கொல்லாமரத்தடியில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். குடை இறங்குகிற நாட்களில் குடும்பத்தார் துறைமுகத்துக்குப் போகாமல் இங்கேதான் வருவார்கள். 'சரி' முதலில் இங்கேதான் பிறக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். வாயிற்காவலர் ஒன்றும் சொல்வதில்லை, குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்.

பெண்ணின் பெயர் பூரணி. புளியங்குடிப் பக்கம். கணவன் ஆவுடையப்பன் மேலே போய் மூன்று வருஷம் ஆகிறதாம், இன்றைக்கு இறங்குகிறானாம். நுரையீரலில் ஏதோ கோளாறு, பசைப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார்களாம். கொழுந்தன் வண்டியை நிழலில் போட்டுவிட்டுத் தூங்குகிறான் என்றாள்.

"காத்து நல்லாருக்காக்கா?" என்று கேட்டாள். எல்லாரும் கேட்கிற கேள்விதான்.

வடிவு வழக்கமாக, பார்ப்போம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். அன்றைக்கு முழங்கால் வலி. மரத்தடி சிமென்ட் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தவளால் பொய் சொல்ல முடியவில்லை.

"சாயங்காலம் எங்களுக்கு ஒண்ணும் சரியாத் தெரியாதும்மா," என்றாள். "காலைல அளந்து வச்சிருப்போம். வெயில் ஏறி இறங்குததுனால மேல காத்தும் அலை மாதிரி போயிட்டுத் திரும்பும். காலைல கிழக்க அடிச்சா சாயங்காலம் மேற்க அடிக்கும். அதனால காலைக் கணக்கத் திருப்பிப் போட்டுச் சொல்லிருவோம்."

"அது சரியா இருக்குமா?"

"இருக்கும். பெரும்பாலும்."

பூரணி அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். வடிவு வேறு பக்கம் பார்த்தாள். காலையைத் திருப்பிப் போடுவது என்பது எல்லா நிலையங்களிலும் உள்ள வழக்கம்; எந்தப் புத்தகத்திலும் இல்லாத, எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு டீ எங்கே கிடைக்கும் என்பதற்கு அடுத்தபடியாகச் சொல்லிக் கொடுப்பது அதைத்தான். ஆனால் இரண்டு நாளாக அலை கெட்டுக் கிடந்தது. தென்துருவத்துக்கு மேலே எங்கோ சூடேறி, அதனால் உலகம் முழுக்க மேல் காற்று தாளம் தப்பிப் போயிருந்தது. நேற்றுச் சாயங்காலம் கிடைத்த ஒன்றிரண்டு கோடுகள் திருப்பிப் போட்ட கணக்குக்கு நேர் எதிராக நகர்ந்தன. ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவற்றை அழிக்காமல் வைத்திருந்தாள்.

பூரணி தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். மாமனார் போன மாதம் தவறிவிட்டாராம். "கொள்ளி வைக்க அவியளால வர முடியல. கொழுந்தன்தான் வச்சான். நான் தெருமுக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன், பொம்பளைய நமக்கு அவ்வளவுதான. சுடுகாட்டுல இருந்து வந்தவிய குளிச்சிட்டு உள்ள ஏறினதும், நல்லா எரிஞ்சுதான்னு கேட்டேன். அவிய போன்ல கேட்டா சொல்லணும்லா, அதான்."

கேட்டானா என்று வடிவு கேட்டாள். முதல் கேள்வியே அதுதான் என்றாள் பூரணி.

உள்ளே வந்தபோது குடை இறக்குகிற நிறுவனத்து ஒருங்கிணைப்பாளர் கிரிதர் திரையில் காத்திருந்தார். சென்னையில் ஏசி அறையில் இருக்கிற மனுஷன், ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையம். நல்லவர்தான், அவருக்கு மேலேயும் ஆள் இருக்கிறார்கள். வடிவு நேற்றைய கோடுகளைக் காட்டினாள். அவர் பெருமூச்சு விட்டார்.

"மேடம், எல்லா நிலையத்துலயும் திருப்பிப் போட்டுத்தான் சொல்றாங்க. நீங்க இன்னைக்கு 'சரி' சொல்லலைன்னா அடுத்த வாரம்தான் இடம் கிடைக்கும். உடம்பு முடியாத ஆள் ஒருத்தர் இருக்கார், தெரியும்ல?"

தெரியும். அவன் மனைவி கொல்லாமரத்தடியில் உட்கார்ந்திருப்பதும் தெரியும். 'சரி' சொன்னால் ஆறு பேரும் கரையில் சிதறலாம். சொல்லாவிட்டால் ஒருவன் ஒரு வாரத்தில் மூச்சுத் திணறிச் சாகலாம். இந்த மாதிரிக் கணக்குப் போடத்தான் அவளை இயற்பியல் படிக்க வைத்தார்களா? மேலே குடைக்குக் காத்திருக்கிற ஆட்களிடம் நேராகப் பேச வேண்டும் என்றாள். கிரிதர் கொஞ்சம் யோசித்துவிட்டு இணைப்பைக் கொடுத்தார்.

பேசியவன் அந்தக் கூட்டத்து மேஸ்திரி, ஜெபஸ்டின். மணப்பாட்டுக்காரன். கடற்கரைக் குரல், ஆனால் சுரத்தில்லை. ஆவுடையப்பன் எப்படி இருக்கிறார் என்று வடிவு கேட்டாள்.

கொஞ்சம் தாமதித்துத்தான் பதில் வந்தது. "அசையாமப் படுத்திருக்காரு மேடம். சீக்கிரம் எறக்கிட்டா நல்லது."

நிலைமையை ஒளிக்காமல் சொன்னாள். தன்னிடம் இன்றைக்குக் காற்று இல்லை, காற்றைக் காட்டுகிற தூசியும் இல்லை, இருட்டில் கை விட்டு எதையோ எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள் என்றாள். ஜெபஸ்டின் பொறுமையாகக் கேட்டான். பிறகு, "தூசிதான் எரியணுமா மேடம், எது எரிஞ்சாலும் தெரியுமா?" என்றான்.

வடிவுக்கு இது தோன்றியதே இல்லை. ராடாரில் மனிதன் செய்த பொருளின் கோடு விழுந்தால் அழுக்கு என்று நீக்கிவிடுவதுதான் அவர்கள் பழக்கம். அழுக்கையே கேட்டு வாங்கலாம் என்று எந்த விஞ்ஞானிக்குத் தோன்றும்?

மேலே கூலியாட்கள் தங்கியிருந்த விடுதியில் குப்பையை எறிய ஒரு நீண்ட கை உண்டு. கவண் போல வீசிவிடும். விழுகிறது அரைச் சுற்றுக்கு அப்பால் எரிந்து போகும். ஆள் இல்லாத தென்கடலுக்கு மேல்தான் எரியும்படி எறிய வேண்டும் என்பது சட்டம். மன்னார் வளைகுடாவுக்கு மேலே எரியும்படி எறிந்தால் ஜெபஸ்டினுக்கும் வேலை போகும், கேட்டதற்காக இவளுக்கும் போகும். கிரிதர், தனக்கு இணைப்பு சரியில்லை, எதுவும் காதில் விழவில்லை என்று சொல்லித் திரையை அணைத்துக்கொண்டார். அவர் செய்த பெரிய உபகாரம் அதுதான்.

என்ன எறியப்போகிறீர்கள் என்று கேட்டாள். பெட்டிகள் என்றான். ஊருக்குக் கொண்டுவர ஆளுக்கு ஒரு பெட்டி கட்டி வைத்திருந்தார்களாம். மூன்று வருஷமாகச் சேர்த்த சாமான். தகட்டு வெட்டில் மிஞ்சிய துண்டுகளில் செய்த விளக்கு, பிள்ளைகளுக்கு வாங்கிய பொம்மை, வெளிநாட்டுக்காரர்களிடம் மாற்றிக்கொண்ட வாட்ச். வடிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று பிறகு யோசித்தாள்.

பெட்டிகள் எரிந்தன. திரையில் புள்ளி புள்ளியாக வந்து, அளப்பதற்குள் செத்துப்போயின. விண்தூசி வருகிற வேகம் வேறு. சுற்றுப்பாதையிலிருந்து விழுகிற பொருள் அத்தனை வேகத்தில் வராது, கோடும் வலுவாக விழாது. மூன்று வருஷச் சாமானும் வானத்தில் ஒரு கீறலைக்கூட உருப்படியாகப் போடவில்லை.

"பத்தல தம்பி," என்றாள். களைப்பில் மேஸ்திரி தம்பியாகிவிட்டான். "இது பஞ்சு மாதிரிப் பொசுங்கிருது. இன்னும் கனமா ஏதாவது வேணும். உலோகம் இருக்குத மாதிரி. அப்பதான் நின்னு எரியும்."

மேலே யாரோ அடங்கிய குரலில் பேசிக்கொள்வது கேட்டது. ஒருவன் கோபப்பட்டான், இன்னொருவன் அவனை அடக்கினான். விவாதம் முடிய நேரமானது.

"வெளிவேலை பாக்குத உடுப்பு ஒண்ணு இருக்கு மேடம்," என்றான் ஜெபஸ்டின். "தோள்லயும் முதுகுலயும் கனமான இரும்புதான். அது போதுமா?"

போதும் என்றாள். அது நிறுவனத்துச் சொத்து, பதில் சொல்ல வேண்டி வருமே என்றாள்.

"அதுக்கு நாங்க பதில் சொல்லிக்கிடுதோம். இதுக்கு மேல எங்ககிட்ட எறியதுக்கு ஒண்ணும் கிடையாது. நீங்க கவனமாப் பாருங்க."

அடுத்த சுற்றில் எறிந்தார்கள். வெளியே பனைமரங்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஆன்டெனாக் கம்பிகளில் மயில்கள் ஏறி உட்கார்ந்திருந்தன. வடிவு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஃபிளாஸ்க்கில் இருந்த டீ ஆறிப் பாலாடை கட்டியது. பிறகு அது வந்தது.

அப்படி ஒரு கோட்டை அவள் பார்த்ததில்லை. மேற்கிலிருந்து சரிந்து, நின்று, நிதானமாக எரிந்தது. வழக்கமான கோடுகள் இமைக்கும் நேரத்தில் மறையும். இது மறையவே இல்லை. மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு உயரத்திலும் காற்று அதைப் பிடித்துத் தள்ளுவது பிசிறில்லாமல் தெரிந்தது. முழுக்க மேற்கே. திருப்பிப் போட்ட காலைக் கணக்கு கிழக்கே என்றது. அதை நம்பிக் குடையை மேற்கே ஒதுக்கி விட்டிருந்தால், காற்றும் மேற்கே தள்ளி, ஆறு பேரையும் நேராகக் காற்றாலைகளுக்கு நடுவில் கொண்டுபோய் இறக்கியிருக்கும்.

கோடு முழுவதும் அணைந்து தீர்கிற வரைக்கும் உட்கார்ந்து பார்த்தாள். அளவெடுக்க அவ்வளவு நேரம் தேவைப்படவில்லை. ஏனோ எழுந்து போகத் தோன்றவில்லை. பிறகு, குடையைக் கிழக்கே தள்ளி இறக்கச் சொல்லி எண்களைக் கொடுத்து, அன்றைய 'சரி'யைச் சொன்னாள்.

குடை நன்றாகவே இறங்கியது. கடலில், குறித்த இடத்துக்கு அருகிலேயே. மீட்புப் படகிலிருந்து ஜெபஸ்டின் கூப்பிட்டான். பின்னால் அலைச் சத்தம், யாரோ வாந்தி எடுக்கிற சத்தம். வடிவு சிரித்தபடியேதான் போனை எடுத்தாள். ஆறு பேரும் சுகம்தானே என்றாள்.

"அஞ்சு பேருதான் அக்கா," என்றான்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாதது போல இருக்கவே விரும்பினாள்.

"மத்தியானம் உங்ககிட்டப் பேசுததுக்கு முன்னாலயே ஆவுடை அண்ணன் போயிட்டாரு. மேல சாவு விழுந்துதுன்னு தெரிஞ்சா விடுதியப் பூட்டிருவாங்க. போன கூட்டத்தை விசாரணைன்னு ஒரு தீவாளியில இருந்து மறு தீவாளி வரைக்கும் விடலை. குடையில பொணம் ஏத்தவும் விட மாட்டாங்க. செத்தவனுக்காக யாரும் காத்துப் பாக்க மாட்டாங்கன்னுதான் உங்ககிட்ட உயிரோட இருக்காருன்னு சொன்னேன்."

கனமா ஏதாவது வேணும் என்று கேட்டவள் வடிவுதான்.

"நான் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், உங்க முறை எனக்குத் தெரியாது," என்றான் ஜெபஸ்டின். "அவரு ஊர்க்காரன் ஒருத்தன் எங்க கூட இருக்கான். முதல்ல முடியவே முடியாதுன்னு சண்டை போட்டான். பொறவு அவனேதான் அண்ணனுக்கு உடுப்பை மாட்டிவிட்டு, தலைய தெக்க வைக்கணும்னு தேடினான். அங்க தெக்கு எதுன்னு யாருக்குத் தெரியும்? கடைசியில எறியுத கைய இழுத்துவிட்டதும் அவன்தான். கொள்ளி வச்சவன் மாதிரி திரும்பிப் பாக்காம வந்துட்டான்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "எங்களை வெளிய விட நாளாகும். அவிய வீட்டம்மா உங்க கேட்டுல இருப்பாவ. நீங்கதான் சொல்லணும்."

போனை வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. ஜெபஸ்டின் மேல் இல்லை. காலை நேரத்தை முன்பதிவு செய்த புண்ணியவான்கள் மேல், பரிசீலித்துக்கொண்டிருப்பவர்கள் மேல், இத்தனை வருஷம் காலையைத் திருப்பிப் போட்டுக் கையெழுத்திட்ட தன் மேல். ஆனால் கோபத்தை நெடுநேரம் தூக்கிச் சுமக்கிற தெம்பு இல்லை. வெளியே ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

கொல்லாமரத்தடியில் இருட்டத் தொடங்கியிருந்தது. பூரணி எழுந்து நின்றாள். எப்படிச் சொன்னாள் என்று பின்னால் வடிவுக்கு நினைவில்லை; சுற்றி வளைக்காமல் சொன்னாள் என்பது மட்டும் நினைவிருந்தது. ஐந்து பேர் பிழைத்ததையும், எதனால் பிழைத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொன்னாள். கனமாக வேண்டும் என்று கேட்டது நான்தான் என்பதையும் சொன்னாள். கொழுந்தன் ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டான். பூரணி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

பிறகு முந்தானையை எடுத்தாள். "நல்லா எரிஞ்சுதாக்கா?"

"நல்லா எரிஞ்சுது," என்றாள் வடிவு. "நான் பாத்ததுல எதுவும் அவ்வளவு நேரம் நின்னு எரிஞ்சதில்ல. அணையுத வரைக்கும் நான் இருந்தேன்."

"எந்தப் பக்கமாப் போனாவ?"

அந்தக் கேள்விக்கு உலகத்தில் பதில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நல்லவேளையாக அதில் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மேற்க. உங்க ஊர்ப் பக்கமாத்தான்."

பூரணி தலையை ஆட்டிக்கொண்டாள். கொழுந்தன் அவளை வண்டிக்கு நடத்திக் கூட்டிப்போனான். வண்டியின் பின்விளக்கு செம்மண் மேட்டைத் தாண்டி மறைகிற வரைக்கும் வடிவு கேட்டில் நின்றாள்.

திரும்பி வந்து வாசற்படியில் கால் வைக்கப் போனவள் நின்றாள். அப்பா இறந்தபோதுகூட அவள் தெருமுக்கோடு திரும்பியவள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். அங்கே மோட்டார்க் குழாயும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் உண்டு. உடுத்திய புடவையோடு அப்படியே தலைக்கு ஊற்றிக்கொண்டாள். பிறகு ஈரம் சொட்டச் சொட்டப் படியேறி உள்ளே போனாள்.